சலம் கலங்கியதும் பார்மசிக்கு ஓடாதீர்கள்

முள்ளந்தண்டு அடிபட்டு, கதீற்றரோடு, அதாவது சிறுநீர்ப்பையிலிருந்து சலம் வடிய வைத்த குழாயோடு, வீட்டுக்கு வருகிறவர்களைப் பார்க்க மூதூர், கிண்ணியா, நிலாவெளி என்று போய்வருகிறேன். நானும் பல வருடமாகக் குழாயோடுதான் இருக்கிறேன். நாங்கள் எல்லோரும் முன்பு செய்த அதே பிழைகள்தான் இப்போதும் வீட்டுக்கு வீடு நடக்கின்றன. கை கழுவுவது, பையைக் கீழே தொங்கவிடுவது எல்லாம் வார்டிலேயே சொல்லி அனுப்புகிறார்கள், அவற்றை விடுகிறேன்.

கலங்கினாலே நோய் என்று நினைப்பது

எனக்கு இன்றைக்கும் கோபம் வருவது இதில்தான். சலம் கொஞ்சம் கலங்கும், மணக்கும், உடனே வீட்டில் யாராவது பார்மசியில் அன்டிபயோடிக் வாங்கி வந்துவிடுவார்கள். ஒரு மாதத்துக்கு மேல் குழாயோடு இருக்கிற எவருடைய சலத்திலும் அநேகமாகக் கிருமி இருக்கும். குழாயின் உட்புறத்தில் படலமாகப் படிந்திருப்பதை மாத்திரை அழிக்காது, மருந்துக்குப் பழகிய கிருமிதான் மிஞ்சும். மூதூரில் ஒரு தம்பி இப்படியே விழுங்கிக்கொண்டிருந்தான். கடைசியில் நடுக்கத்தோடு உண்மையான காய்ச்சல் வந்தபோது, கிருமிக்கு எந்த மருந்து கேட்கும் என்று பார்க்கும் கல்ச்சர் ரிப்போர்ட்டில் எந்த மாத்திரையும் கேட்காது என்று வந்து, ஊசி மருந்துக்காக வார்டில் கிடந்தான், படுத்த கிடையில் முதுகில் புண்ணும் வந்துவிட்டது.

எங்களுக்கு எரிவு, வலி தெரியாது. அதனால் காய்ச்சல், குளிர் நடுக்கம், வழமையைவிடக் கால் வெட்டி இழுப்பது, திடீர்ச் சோர்வு இவற்றைக் கவனியுங்கள், வந்தால் டொக்டரிடம் போங்கள். அப்போதும் பையிலிருந்து சலம் எடுத்துக் கொடுக்காதீர்கள். குழாயை மாற்றச் சொல்லி, புதுக் குழாயில் வருவதைக் கல்ச்சருக்குக் கொடுத்து, அப்புறம்தான் மருந்து.

தண்ணீரைக் குறைப்பது

கிளினிக் போகிற அன்று வழியில் பை நிறையும் என்று தண்ணீரே குடிக்காமல் வருகிறார்கள். சூடான கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் இப்படிச் செய்தால் சலம் தடித்து, உப்புப் படிந்து குழாய் அடைக்கும். டொக்டர் கட்டுப்படுத்தச் சொல்லாவிட்டால் நாளுக்கு 2 லீற்றராவது குடியுங்கள்.

பலூனுக்குச் சேலைன்

குழாய் கழன்று வராமல் சிறுநீர்ப்பைக்குள் பிடித்துவைக்கும் பலூனை நிரப்பச் சேலைன் வேண்டாம். கிருமி நீக்கிய தண்ணீர் மட்டும்.

குழாயைத் தொடையில் ஒட்டாமல் விடுவது

இழுபட்டுப் புண்ணாகும்.

தலையிடிக்குப் பனடோல்

காயம் நெஞ்சுப் பகுதியின் 6ஆம் முள்ளெலும்பு மட்டத்திலோ அதற்கு மேலோ என்றால், திடீரென்று தலை இடித்து முகம் சிவந்து வியர்த்தால் முதலில் நிமிர்த்தி உட்காரவையுங்கள். உடுப்பைத் தளர்த்தி, குழாய் மடிந்திருக்கிறதா, பை நிறைந்திருக்கிறதா பாருங்கள். அடைத்த குழாய், மூளையில் இரத்தம் கசியும் அளவுக்குப் பிரஷரை ஏற்றக்கூடும். சலம் இறங்கவில்லையென்றால் தாமதிக்காமல் 1990 அம்புலன்ஸுக்கு அடியுங்கள். ஆஸ்பத்திரியில், எங்கள் வழமையான பிரஷரே 90, 100தான், 140 என்றாலும் எங்களுக்கு அது ஆபத்து என்று கூடப் போகிறவர் வாய்திறந்து சொல்லவேண்டும்.