பயத்தைக் கர்த்தருக்கு முன்பாக விரித்து வைப்பது எப்படி?

பயத்தில் இருப்பவரிடம் "விசுவாசமாயிருங்கள்" என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. அந்த விசுவாசத்தை அந்த நேரத்தில் எப்படிக் கைக்கொள்வது என்று சொல்லித் தருபவர்கள் குறைவு. எருசலேமைத் தலைநகராகக் கொண்ட யூதா தேசத்தின் ராஜா எசேக்கியா அதைச் செய்து காட்டியதை வேதாகமத்தின் இரண்டாம் இராஜாக்கள் புத்தகத்தில் 18, 19 அதிகாரங்களில் படிக்கலாம். கி.மு. 701இல் அசீரிய மன்னன் சனகெரிப் யூதாவின் அரணான பட்டணங்களைப் பிடித்துக்கொண்டு வந்தபோது, எசேக்கியா முதலில் பணம் கொடுத்துத் தப்பப் பார்த்தான். 300 தாலந்து (அக்காலத்து எடை அளவு) வெள்ளிக்கும் 30 தாலந்து பொன்னுக்கும் ஈடுகட்ட ஆலயக் கதவுகளின் பொன்தகடுகளைக்கூடக் கழற்றிக் கொடுத்தான். அப்படியும் படை எருசலேமுக்கு வந்தது. இவனைத்தான் கர்த்தர்மேல் வைத்த நம்பிக்கையில் நிகரற்றவன் என்று வேதம் சொல்கிறது. ஆகவே, பயந்துவிட்டோமே என்பதற்காக நம்மை நாமே அவிசுவாசிகள் என்று தீர்த்துக்கொள்ள வேண்டியதில்லை.

பயம் பேசும்போது அதற்குப் பதில் சொல்லாதிருக்கப் பழகுங்கள். அசீரியாவின் தூதன் ரப்சாக்கே, அலங்கத்தின்மேல், அதாவது நகர மதிலின்மேல் இருந்த ஜனங்கள் எல்லாரும் கேட்கும்படி, யூத பாஷையிலேயே உரத்துப் பேசினான்; சீரிய பாஷையில் பேசும்படி அதிகாரிகள் கேட்டும் மறுத்துவிட்டான். அவன் பேச்சில் உண்மையும் பொய்யும் கலந்திருந்தன. வீழ்ந்த தேசங்களைப் பற்றி அவன் சொன்னதை யாராலும் மறுக்க முடியாது. ராஜாவோ, "அவனுக்கு மறுஉத்தரவு சொல்லவேண்டாம்" என்று கட்டளையிட்டிருந்தான். நடுராத்திரியில் மனம் எழுப்பும் "ஒருவேளை இப்படி ஆகிவிட்டால்?" என்ற கேள்விகளோடு வாதாடி வென்றவர் யாருமில்லை. நோயின் பெயரைக் கைப்பேசியில் தேடிக்கொண்டே இருப்பதும் அந்த வாதாட்டத்தின் இன்னொரு வடிவம்தான்.

அடுத்து, தனியே சுமக்காமல் ஒருவரிடம் சொல்லுங்கள். எசேக்கியா ஏசாயா தீர்க்கதரிசியிடம் ஆள் அனுப்பியபோது, ராஜா என்ற கௌரவம் பார்க்கவில்லை. "பிள்ளைபேறு நோக்கியிருக்கிறது, பெறவோ பெலனில்லை" என்றே சொல்லி அனுப்பினான். ஆனால் யாரிடம் சொல்கிறோம் என்பதில் கவனம் தேவை. சில சபைகளில் புதன்கிழமை சொன்ன ஜெபக்குறிப்பு ஞாயிற்றுக்கிழமைக்குள் ஊர்ச்செய்தியாகிவிடுகிறது.

"பயப்படாதேயும்" என்ற தேவவார்த்தை ஏசாயாவின் வழியாக வந்தது. ஆனால் அதற்குப் பிறகுதான் சனகெரிப்பின் மிரட்டல் நிருபமும் (கடிதமும்) வந்தது. வாக்குத்தத்தம் கிடைத்த பிறகும் பயம் திரும்பி வருவது புதிதல்ல. இந்த முறை எசேக்கியா நிருபத்தை வாங்கி வாசித்து, ஆலயத்துக்குப் போய், அதைக் கர்த்தருக்கு முன்பாக விரித்தான். நீங்களும் அப்படியே செய்யலாம். ஸ்கேன் அறிக்கையோ, வங்கியின் நோட்டீஸோ, நீதிமன்றச் சம்மனோ, உங்களைப் பயமுறுத்தும் காகிதத்தை மடித்து அலமாரியில் ஒளித்து வைக்காமல் மேசையின்மேல் விரித்து, ஒருமுறை முழுவதுமாக வாசியுங்கள். பிறகு எசேக்கியாவின் ஜெப வரிசையைப் பின்பற்றுங்கள். வானத்தையும் பூமியையும் உண்டாக்கியவர் என்று அவரை அறிக்கையிட்டே அவன் தொடங்கினான். அடுத்து, அசீரியர் பல தேசங்களை நாசமாக்கியது மெய்தான் என்று ஒத்துக்கொண்டான். நிலைமையைச் சிறிதாக்கிக் காட்டவில்லை. அதன்பின்பே, "எங்களை இரட்சியும்" என்று கேட்டான். "ஆண்டவரே, எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும்" என்று பொதுவாக முடித்துவிடாமல், கட்ட வேண்டிய தொகையையும், கெடு முடியும் தேதியையும், மருத்துவர் சொன்ன வார்த்தையையும் அப்படியே வாய்விட்டுச் சொல்லுங்கள். காகிதம் இல்லாத பயமானால் நீங்களே ஒரு தாளில் எழுதி விரியுங்கள். எதற்குப் பயப்படுகிறோம் என்று எழுத உட்காரும்போதுதான் அது பல நேரங்களில் நமக்கே தெளிவாகிறது.

ஜெபித்தவர் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும் என்று இந்த வரலாறு சொல்லவில்லை. எருசலேமின் அடியில் பாறையைக் குடைந்து, ஏறத்தாழ 533 மீட்டர் நீளத்துக்குச் சுரங்கம் வெட்டி நகருக்குள் தண்ணீர் கொண்டுவந்தவனாக அறியப்படுபவனும் இதே எசேக்கியாதான். அவன் வியாதிப்பட்டபோதும், குணமாக்குவதாகக் கர்த்தர் வாக்களித்த பிறகே, பிளவையின்மேல் அத்திப்பழ அடையைப் பற்றுப்போடச் சொன்னார் ஏசாயா. நெஞ்சுப் படபடப்பும் தூக்கமின்மையும் நாள்கணக்கில் தொடர்ந்தால் மருத்துவரைப் பாருங்கள். அது விசுவாசக் குறைவு ஆகாது.

இப்படி ஜெபித்தால் கேட்டது கிடைத்தே தீரும் என்று நான் எழுத மாட்டேன். எருசலேம் தப்பியது, அதே யூதாவின் லாகீஸ் பட்டணம் விழுந்தது. லாகீஸ் விழுந்த காட்சியைச் சனகெரிப் செதுக்கி வைத்த கற்பலகைகள் இன்று லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அங்கேயும் ஜெபித்தவர்கள் இருந்திருப்பார்கள். தப்பிய எருசலேமுக்குக்கூட, இந்த வருஷம் தானாய் முளைத்ததையும் அடுத்த வருஷம் தானாய் விளைந்ததையும் சாப்பிட்டு, மூன்றாம் வருஷத்தில்தான் விதைத்து அறுப்பீர்கள் என்றே சொல்லப்பட்டது. ஆகவே ஒரே ஜெபத்தில் மனம் அமரவில்லையே என்று கலங்காமல், அதே தாளை மறுநாளும் விரித்து, மாறியிருப்பதை அடித்துத் திருத்தி, அன்றைக்குச் செய்ய வேண்டிய ஒரு வேலையை அதன் அடியில் எழுதிக்கொண்டு எழுந்திருங்கள்.