கனடாவுக்கு வாழ்க்கைத் துணையை ஸ்பொன்சர் செய்வது எப்படி?

ஊரில் எழுத்தை, அதாவது பதிவுத் திருமணத்தை, முடித்துக்கொண்டு கனடாவுக்குத் திரும்பியவர் படிவங்களைத் திறக்கும் முன் தமது தகுதியைப் பார்க்க வேண்டும். 18 வயது நிறைந்த கனடியக் குடிமக்களும், கனடாவில் வசிக்கும் நிரந்தர வதிவாளர்களும் துணையை ஸ்பொன்சர் செய்யலாம், அதாவது பொறுப்பேற்று அழைக்கலாம். இயலாமை தவிர்ந்த காரணங்களுக்காகச் சமூக உதவிப் பணம் பெறுபவரும், தாமே துணையாக ஸ்பொன்சர் செய்யப்பட்டு வந்து வதிவுரிமை கிடைத்து 5 ஆண்டுகள் நிறையாதவரும் அழைக்க முடியாது. துணையை அழைப்பவருக்குப் பொதுவாகக் குறைந்தபட்ச வருமான வரம்பு இல்லை. கியூபெக்கில் வசிப்போர் அம்மாகாண அரசிடமும் விண்ணப்பிக்க வேண்டும்.

அடுத்து, திருமணம் செல்லுபடியாகுமா என்று பாருங்கள். தொலைபேசியிலோ இணையத்திலோ பதிலாள் மூலமோ நடந்த திருமணங்களைக் குடிவரவுத் துறை 2015 ஜூன் முதல் பொதுவாக ஏற்பதில்லை.

பிறகு படிவங்கள். ஸ்பொன்சர் விண்ணப்பப் படிவமான ஐ.எம்.எம். 1344இல் நீங்கள் இடும் கையொப்பம், துணைக்கு வதிவுரிமை கிடைத்த நாளிலிருந்து 3 ஆண்டுகள் அவரது அடிப்படைத் தேவைகளுக்குப் பொறுப்பேற்கும் உறுதிமொழி. இடையில் பிரிந்தாலும் அது நீங்காது. துணையின் வதிவுரிமை விண்ணப்பப் படிவமான ஐ.எம்.எம். 0008இல், துணைக்கு முந்தைய உறவில் பிள்ளை இருந்தால், இப்போது உடன் வராவிட்டாலும் கட்டாயம் குறிப்பிடுங்கள். மறைத்தால் பின்னர் அப்பிள்ளையை அழைக்கும் வழியே அடைபடலாம்.

அதிக நேரம் ஒதுக்க வேண்டியது உறவை விளக்கும் ஐ.எம்.எம். 5532க்கே. எழுத்தை முதலிலும் தாலிகட்டை விசா வந்த பின்னரும் வைப்பது நம்மவரிடையே வழக்கம். ஆனால் நான்கைந்து பேர் மட்டுமே நிற்கும் பதிவுத் திருமணப் படத்தைப் பார்க்கும் அதிகாரிக்கு, இது வதிவுரிமைக்காக நடந்த கலியாணமோ என்ற ஐயம் எழக்கூடும். ஆகவே சம்பந்தம் பேசியவர் யார், சாதகம் எப்போது பார்க்கப்பட்டது, எழுத்துக்கு யார் வந்தார்கள், சடங்கு ஏன் தள்ளிவைக்கப்பட்டது என்பவற்றைத் தனிக் கடிதமாக எழுதி இணையுங்கள். ஸ்டூடியோ ஆல்பம் முழுவதையும் அனுப்புவதைவிட, இரு குடும்பத்தாரும் இருக்கும் சில படங்களைத் தேதி, இடம், உறவுமுறை எழுதி அனுப்புவதே மேல் என்பது என் உறுதியான எண்ணம். வாட்ஸ்அப் உரையாடலிலும் மாதத்துக்குச் சில பக்கங்கள் போதும். விமானச் சீட்டு, கடவுச்சீட்டு முத்திரை, பணம் அனுப்பிய பற்றுச்சீட்டு ஆகியன வலுவான சான்றுகள். இருவர் சொல்லும் தேதிகளும் ஒத்திருக்கின்றனவா என்று ஒன்றாக அமர்ந்து பாருங்கள். தந்தை பெயர் ஓர் ஆவணத்தில் முதலிலும் இன்னொன்றில் கடைசியிலும் வந்தால், அதற்கும் விளக்கம் கொடுங்கள்.

தமிழ், சிங்கள ஆவணங்களை ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ மொழிபெயர்க்க வேண்டும். உறவினர் மொழிபெயர்த்தால் ஏற்கமாட்டார்கள். 18 வயதுக்குப் பின், கடந்த 10 ஆண்டுகளில், துணை தொடர்ந்து 6 மாதமோ அதற்கு மேலோ வாழ்ந்த ஒவ்வொரு நாட்டிலிருந்தும் பொலிஸ் சான்றிதழ் தேவை. வளைகுடாவில் வேலை செய்த காலத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அனைத்தையும் இணையவழி சமர்ப்பித்துக் கட்டணம் செலுத்திய பின், கைரேகைக்கும் மருத்துவப் பரிசோதனைக்கும் அழைப்பு வரும்.

வெளிநாட்டிலிருந்து விண்ணப்பிக்கும் பிரிவில் மறுப்பு வந்தால், ஸ்பொன்சர் செய்தவர் 30 நாட்களுக்குள் குடிவரவு மேன்முறையீட்டுப் பிரிவுக்குச் செல்லலாம். கனடாவுக்குள்ளிருந்து விண்ணப்பிக்கும் பிரிவில் அந்த உரிமை இல்லை என்பதால், துணை ஏற்கெனவே கனடாவில் இருப்பவர்கள் தொடக்கத்திலேயே இதை எண்ணிப் பிரிவைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.