கூப்பிட்டால் வராத டாக்ஸ்ஹண்ட்

எங்கள் டாக்ஸ்ஹண்ட் இன நாயை எத்தனை முறை கூப்பிட்டாலும், அது ஒரு கணம் திரும்பிப் பார்த்துவிட்டு, மறுபடியும் மண்ணை முகர்ந்துகொண்டே போய்விடும். ஜெர்மனியில் வளைக்கரடி (பேட்ஜர் எனப்படும், வளை தோண்டி வாழும் விலங்கு) வேட்டைக்காக, நிலத்தடி வளைக்குள் தனியே நுழைந்து தானே முடிவெடுக்கும்படி உருவாக்கப்பட்ட இனம் இது என்று அறிந்த பிறகுதான், அதன் இயல்பை நான் கீழ்ப்படியாமை என எண்ணியது தவறு என்பது புரிந்தது.

மேலும், விளையாட்டை நிறுத்தவும் குளிப்பாட்டவும் நகம் வெட்டவும் மட்டுமே நான் அதை அழைத்து வந்திருக்கிறேன். அப்படியிருக்க, அது ஏன் வர வேண்டும்? பழைய அழைப்புச் சொல்லை அடியோடு கைவிட்டு, புதிய சொல் ஒன்றை முதலில் வீட்டுக்குள்ளும், பிறகு 10 மீட்டர் கயிற்றுடன் வெளியிலும் பழக்கினேன். வந்த ஒவ்வொரு முறையும் சிறு இறைச்சித் துண்டு கொடுத்து, உடனே மறுபடியும் முகர்வதற்கு அனுப்பிவிடுவேன். அப்படி அனுப்புவதுதான் இறைச்சியை விடவும் பெரிய பரிசு என்பது என் கணிப்பு.

கயிற்றைக் கழுத்துப் பட்டையில் அல்லாமல் மார்புப் பட்டையிலேயே மாட்டினேன். முதுகெலும்பு வட்டுகள் எளிதில் பாதிக்கப்படும் இந்த இனத்தை வெடுக்கென்று இழுக்கவே கூடாது.

ஆறாவது வாரத்தில், பாதி தோண்டிய குழியை அப்படியே விட்டுவிட்டு, மூக்கு நுனியில் ஒட்டிய ஈரமண்ணோடு அது என் காலடிக்கு ஓடி வந்து நின்றது.