எதிரொலி வராத இடம் காலியிடம் அல்ல

அறைக்குள் ஓடும் ரோபோவுக்கு, ஒலியை அனுப்பி எதிரொலியால் தூரம் அளக்கும் சோனார் பொருத்தி, அது தரும் எண்களைத் தரவிலிருந்து கற்கும் நியூரல் நெட்வொர்க்கிடம் ஒப்படைத்துவிட்டால் மிச்சத்தை அதுவே பார்த்துக்கொள்ளும் என்று பலர் நம்புகிறார்கள். ரோபோ சுவரில் முட்டினால்கூட, முதலில் செய்வது நெட்வொர்க்கில் இன்னொரு அடுக்கைச் சேர்ப்பதுதான்.

கோளாறு பெரும்பாலும் தரவில் இருக்கும். சோனார் அனுப்பும் 40 கிலோஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் காற்றில் சுமார் 8.6 மில்லிமீட்டர். பூசிய சுவரின் சொரசொரப்பு அதைவிட மிகச் சிறியது. அதனால் அந்த ஒலிக்குச் சுவர் ஒரு கண்ணாடி. சாய்வாகப் பட்ட ஒலி வேறு பக்கம் தெறித்துப் போய்விடும். எதிரொலி திரும்பாவிட்டால் பல சென்சார்கள் தம் உச்ச தூரத்தையே விடையாகத் தரும். அந்த எண்ணை அப்படியே ஊட்டினால், அரை மீட்டரில் நிற்கும் சுவரை நெட்வொர்க் திறந்தவெளியாகக் கற்றுக்கொள்ளும். 'எதிரொலி இல்லை' என்பது தூரமே அல்ல. அதைத் தனி உள்ளீடாகக் கொடுங்கள். இதைவிடத் தந்திரமானது, இரண்டு சுவர்களில் பட்டுத் திரும்பும் ஒலி. அது நம்பும்படியான ஒரு தூரத்தைச் சொல்லும், ஆனால் அங்கே எதுவும் இருக்காது.

இந்தப் பொய்யை ஒரே சென்சாரை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. பக்கத்து சென்சார்கள் என்ன சொல்கின்றன என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1990களில் ரோபோ ஆய்வாளர் செபாஸ்டியன் த்ரன் உள்ளரங்க வரைபடத்துக்குப் பயன்படுத்திய நெட்வொர்க்கும் பல அளவீடுகளைச் சேர்த்தே வாங்கியது.

தரவைக் குலுக்கிப் பயிற்சிக்கும் சோதனைக்கும் பிரிப்பது இன்னொரு தவறு. ஒரு நொடி இடைவெளியில் எடுத்த இரண்டு அளவீடுகள் கிட்டத்தட்ட இரட்டைப் பிள்ளைகள். ஒன்று பயிற்சியிலும் மற்றொன்று சோதனையிலும் இருந்தால் மதிப்பெண் உயரத்தான் செய்யும். நெட்வொர்க் பார்த்தே இராத அறையில் சோதியுங்கள்.

வெப்பநிலையையும் மறக்க வேண்டாம், ஒலியின் வேகம் அதோடு மாறும். 10 டிகிரி செல்சியஸ் மாறினால் 5 மீட்டர் தூரத்தில் ஏறக்குறைய 9 சென்டிமீட்டர் பிழை வரும். திருத்தம் ஒரு வரிக் கணக்கு. அதைக்கூட நெட்வொர்க்கைக் கற்கச் சொல்வது வீண் வேலை.

அடுத்தது, நின்ற இடத்திலேயே அளவீடுகளைக் குவிப்பது. ரோபோ வரையும் வரைபடத்தில், ஓர் இடத்தில் தடை இருக்கும் நிகழ்தகவுகளைச் சேர்க்கும் முறை ஒவ்வொரு அளவீட்டையும் தனிச் சாட்சியாக எண்ணும். ரோபோ அசையாமல் நின்றால் ஒரே பொய் எதிரொலி நூறு முறை பதிவாகி உறுதியான உண்மையாகிவிடும். கொஞ்சமாவது நகர்ந்த பிறகு வரும் அளவீட்டை மட்டும் கணக்கில் சேருங்கள்.