ஜென் பிரவுசர்: டேப்கள் இடது பக்கம் போனால்

திரையின் மேலே வரிசையாக டேப்கள் இருந்தே நமக்குப் பழகிவிட்டது. இருபதைத் தாண்டினால் பெயர்கள் சுருங்கி ஐகான் மட்டும்தான் மிஞ்சும். ஜென் பிரவுசர் அந்த வரிசையை அப்படியே இடது பக்கத்துக்குக் கொண்டுபோய்விட்டது. டேப்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்பதால் ஒவ்வொன்றின் தலைப்பையும் படிக்க முடிகிறது. இன்றைய திரைகள் அகலமானவை. பக்கவாட்டில் இடத்துக்குப் பஞ்சமில்லை. அதனால் இந்த மாற்றம் எனக்கு ரொம்பவே நியாயமாகப் படுகிறது.

ஃபயர்ஃபாக்ஸை அடிப்படையாகக் கொண்ட ஓப்பன் சோர்ஸ் (மூல நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும்) பிரவுசர் இது, இலவசம். ஃபயர்ஃபாக்ஸின் எக்ஸ்டென்ஷன்கள் (கூடுதல் வசதி தரும் சிறு நிரல்கள்) இதிலும் ஓடும். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றுக்கும் கிடைக்கிறது.

நிறுவியதும் முதலில் வொர்க்ஸ்பேஸ்களை, அதாவது டேப்களுக்கான தனித்தனிக் குழுக்களை, அமைத்துவிடுங்கள். அலுவலக டேப்கள் ஒன்றில், சொந்த வேலைகள் இன்னொன்றில். தினமும் திறக்கும் மெயில் போன்றவற்றை எசென்ஷியல்ஸ் என்ற பகுதியில் சேர்த்தால் எந்த வொர்க்ஸ்பேஸில் இருந்தாலும் பக்கப்பட்டியின் உச்சியிலேயே இருக்கும். இரண்டு பக்கங்களை ஒப்பிட்டுப் படிக்க, அவற்றை ஒரே ஜன்னலில் சேர்த்துக் காட்டும் ஸ்ப்ளிட் வியூ இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது கிளான்ஸ்: ஆல்ட் விசையை அழுத்தியபடி ஒரு லிங்கைக் கிளிக் செய்தால், இருக்கும் பக்கத்தின் மேலேயே அது சிறு ஜன்னலாகத் திறக்கும். பார்த்துவிட்டு மூடிவிடலாம், டேப் சேராது.

முதல் சில நாள் கண் மேல்பக்கமே போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். பழைய பிரவுசரை மட்டும் உடனே நீக்கிவிட வேண்டாம். டிஆர்எம் (நகலெடுப்பதைத் தடுக்கும் பூட்டு) பாதுகாப்புள்ள சில வீடியோ தளங்கள் இதில் ஓடாமல் போகலாம்.