பேருந்து நிறுத்தங்களை வரைபடத்தில் சேர்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் போன்ற, யாரும் திருத்தக்கூடிய திறந்த வரைபடங்களில் பேருந்து நிறுத்தங்களைச் சேர்ப்பவர்கள் அதிகம் செய்யும் பிழை, சாலையின் நடுக்கோட்டில் ஒரே ஒரு புள்ளியை வைத்துவிட்டு நகர்ந்துவிடுவதுதான். பேருந்து நிற்கும் இடம் வேறு, பயணி காத்திருக்கும் இடம் வேறு. வழிகாட்டும் செயலிக்கு முதலில் தேவைப்படுவது பின்னது. சாலையின் இருபுறமும் நிறுத்தங்கள் இருந்தால், பெயர் ஒன்றே ஆனாலும் அவற்றை இரண்டு புள்ளிகளாகவே குறிக்க வேண்டும். இல்லையெனில், நடுத்தடுப்பு உள்ள அகலமான சாலையில் செயலி பயணியை எதிர்ப்பக்கம் கொண்டுபோய் நிறுத்தக்கூடும். அவர் கடக்க வழி தேடுவதற்குள் பேருந்து போய்விடும். பேருந்து நிற்கும் இடத்தைச் சாலைக்கோட்டின் மீதே குறிக்கத் தனிக் குறிச்சொல் (புள்ளி எதைக் குறிக்கிறது என்று சொல்லும் அடையாளம், 'டேக்') உண்டு என்றாலும், அது காத்திருப்பிடத்துக்கு மாற்றாகாது.

பெயருக்கான இடத்தில் பெயரை மட்டுமே எழுத வேண்டும். தட எண்களையும் 'நிழற்குடை இல்லை' என்பது போன்ற குறிப்புகளையும் அங்கே திணிக்கக் கூடாது. நிழற்குடைக்கும் இருக்கைக்கும் தனித்தனிக் குறிச்சொற்கள் இருக்கின்றன.

போக்குவரத்து நிறுவனம் ஜி.டி.எஃப்.எஸ். வடிவில் (நிறுத்தங்கள், தடங்கள், நேர அட்டவணைகளைப் பகிர்வதற்கான பொதுக் கோப்பு வடிவம்) வெளியிட்ட பட்டியலை மொத்தமாக ஏற்றுவது எளிய வேலையாகத் தோன்றும். பெருஞ்சேதம் நேர்வதும் பெரும்பாலும் அங்கேதான். ஏற்கெனவே பிறர் நேரில் பார்த்துக் குறித்த நிறுத்தங்களுடன் ஒப்பிடாமல் ஏற்றினால், சில மீட்டர் தள்ளி இரட்டைப் புள்ளிகள் முளைக்கும். ஆயத்தொலைவுகள் மூன்று தசம இடங்களோடு நின்றிருந்தால், புள்ளி ஐம்பது மீட்டருக்கு மேலும் விலகியிருக்கலாம். ஐந்து இடங்கள் இருந்தால் ஏறத்தாழ ஒரு மீட்டர் நுட்பம் கிடைக்கும். இடத்தரவைச் சேமிக்கப் பயன்படும் ஜியோஜேசன் கோப்பில் தீர்க்கரேகை முதலிலும் அட்சரேகை பின்னரும் வருவதைக் கவனிக்காதவர்களின் நிறுத்தங்கள் கடலில் போய் விழுவதும் உண்டு. எனவே மொத்த ஏற்றத்தை அந்தப் பகுதியின் பங்களிப்பாளர்களோடு கலந்து பேசிய பின்னரே தொடங்க வேண்டும்.

பொதுவெளியில் கிடைப்பதாலேயே ஒரு தரவு எடுத்தாளத் தக்கதாகிவிடாது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவு 2012 முதல் ஓ.டி.பி.எல். என்னும் திறந்த தரவுத்தள உரிமத்தில் வழங்கப்படுவதால், மூலத்தின் உரிமம் அதனோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். கூகுள் மேப்ஸைப் பார்த்துப் பெயரையோ இடத்தையோ நகலெடுப்பது அறவே கூடாது.

நிறுத்தம் சற்றுத் தள்ளி இடம் மாறியிருந்தால், பழைய புள்ளியை அழித்துவிட்டுப் புதிதாக ஒன்றை வைக்காமல், இருப்பதையே நகர்த்துவது நல்லது. பேருந்துத் தடங்களின் 'உறவுகள்' (ஒரு தடத்தின் சாலைகளையும் நிறுத்தங்களையும் ஒன்றாகத் தொகுக்கும் பதிவுகள்) அந்தப் புள்ளியைத்தான் உறுப்பாகக் கொண்டிருக்கும். அதை அழித்தால் அத்தனை தடங்களிலிருந்தும் அந்த நிறுத்தம் சத்தமில்லாமல் விடுபட்டுப்போகும்.