‘மீள்’ என்னும் வினையை எழுதிப் பழகும் முறை

சம்பா வயல்கள் மழைநீரில் மூழ்கிய ஓர் ஆண்டில், திருவையாற்றுக்கு அருகே எங்கள் தெருவில் வசிக்கும் உழவர் ஒருவருக்கு நிவாரண மனு எழுதிக் கொடுத்தேன். அதில் ஒரு வரி: “வயல் மீண்டும் மூழ்கியது, நாங்கள் இன்னும் மீளவில்லை.” ஒரே வினை இரண்டு பொருளில் நிற்பது எப்படி என்று அவருடைய மகள் கேட்டாள். அவளுக்குச் சொன்ன வரிசையிலேயே இங்கும் எழுதுகிறேன்.

முதற்படி, வடிவத்தை அறிவது. ‘மீள்’ என்றால் திரும்பி வருதல். ஆள் என்பது ஆண்டான் என்றும், மாள் என்பது மாண்டான் என்றும் ஆவதுபோல, மீள் என்பது மீண்டான் என்று ஆகும்.

இரண்டாம் படி, ‘மீண்டும்’. ‘மீண்டு’ என்னும் எச்சத்தோடு ‘உம்’ சேர்ந்த இச்சொல், காலத்துக்கும் ஆளுக்கும் ஏற்ப மாறாமல், முன்பு நடந்தது இன்னொரு முறை நடப்பதைக் குறிக்கிறது. “மேட்டூர் அணை ஜூன் 12 அன்று மீண்டும் திறக்கப்பட்டது” என்பதில் குழப்பமில்லை. எதிர்மறையில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். “கடைமடைக்குத் தண்ணீர் மீண்டும் வரவில்லை” என்று எழுதினால், ஒரு முறை வந்த தண்ணீர் அதற்குப் பிறகு வரவில்லை என்றே படிப்பவர் கொள்வார். சென்ற ஆண்டைப் போலவே இப்போதும் வரவில்லை என்பது கருத்தானால், “இந்த ஆண்டும் வரவில்லை” என்று ‘உம்’மை ஆண்டின்மேல் ஏற்ற வேண்டும். மனுவில் இந்த வேறுபாடு மிக முக்கியம். பொருள் மாறினால் குறையே மாறிவிடும். பேச்சில் வரும் ‘மறுபடியும்’, ‘திரும்பவும்’ ஆகியவற்றுக்கும் இதே விதிதான்.

மூன்றாம் படி, வேற்றுமை உருபு. துன்பத்தை விட்டு வெளியே வருவதைச் சொல்ல ‘இலிருந்து’ வேண்டும். 2018 நவம்பரில் தென்னந்தோப்புகளை இழந்த பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதி மக்களைப் பற்றி எழுதும்போது “கஜா புயலிலிருந்து மீண்டார்கள்” என்பதே சரி. “புயலால் மீண்டார்கள்” என்றால் புயலே அவர்களைக் காப்பாற்றியதாகிவிடும்.

நான்காம் படி, பிறவினை. தானே திரும்புவது மீள்தல்; ஒருவர் முயன்று திரும்பக் கொண்டுவருவது மீட்டல். குறுவைச் செலவுக்கு அடகு வைத்த வளையலை, அறுவடைப் பணம் கைக்கு வந்ததும், வட்டி கட்டி வாங்கிவருகிறோம். அப்போது “வளையலை மீட்டோம்” என்று எழுத வேண்டும். “வளையலை மீண்டோம்” என்பது பிழை. அந்தப் பெண் தன் நோட்டில் முதலில் ‘மீண்டோம்’ என்றுதான் எழுதினாள். பிறகு அதை அடித்துவிட்டு, அதன்கீழ் “அப்பா கடனிலிருந்து மீண்டார், அம்மாவின் வளையலை மீட்டார்” என்று எழுதிக் காட்டினாள்.